ஏழாவது தீர்மானத்தின் கடைசி வரி

பதிவாளர் அறையிலிருந்து கோப்பு திரும்பி வந்தபோது காலை பத்தரை மணி. அவள் தட்டச்சு செய்து அனுப்பியிருந்த ஏழு பக்கங்களில் ஆறு அப்படியே இருந்தன. ஏழாவது பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் பென்சில் கோடு. ‘நீக்கவும்’ என்ற குறிப்பு இல்லை, பக்கத்தில் இனிஷியல் இல்லை. ரப்பரை எடுத்து நாலு தேய் தேய்த்தால் போய்விடும். யார் போட்டது என்று நாளைக்கு யாரும் கேட்க முடியாது.

பல்கலைக்கழகத்தில் அவளை எல்லோரும் மினிட்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்சிக்குழுப் பிரிவில் கண்காணிப்பாளர். கூட்டம் நடக்கும்போது துணைவேந்தருக்கு இடப்புறம் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் குறித்துக்கொண்டு, பிறகு அதை ஒழுங்கான வாசகமாக்கிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். கோபத்தில் ஒருவர் மற்றவரை முட்டாள் என்று சொன்னதை ‘உறுப்பினர் மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தார்’ என்று எழுதிப் பல பேருடைய மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

கோடு விழுந்த வாக்கியம் இதுதான்: ‘கால்நடை மருத்துவமனை இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும், காலியாக உள்ள ஒன்பது கால்நடை மருத்துவர் பணியிடங்கள் வேறு துறைகளுக்கு மாற்றப்படா என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு இத்தீர்மானம் நிறைவேறியது.’

தீர்மானம் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பற்றியது. இரண்டு கொட்டகையும் ஒரு ஆய்வுக்கூடமுமாகக் கால்நடை மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. இன்றைக்கு நாற்பத்தொரு துறை. கம்ப்யூட்டர் துறையில் மட்டும் நாலாயிரம் மாணவர்கள். கால்நடைப் பிரிவில் எல்லா வகுப்பும் சேர்த்து முந்நூற்றிருபது பேர். ஆனாலும் ஊருக்கு அது இன்னும் மாட்டு காலேஜ்தான். கண்டக்டர் “மாட்டு காலேஜ் எறங்கு” என்று கத்தும்போது, முதுகில் லேப்டாப் பையோடு இறங்கும் பிள்ளைகள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இறங்குவார்கள். வேலைக்கான நேர்காணலுக்குப் போன பையனிடம் “பால் கறக்கத் தெரியுமா?” என்று கேட்டுச் சிரித்த கதையை ஒரு பேராசிரியர் கூட்டத்திலேயே சொன்னார். பெயரிலிருந்து ‘கால்நடை’யை எடுத்துவிட்டு ‘அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்’ என்று வைக்க வேண்டும் என்பது நாலு வருடப் பேச்சு.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வந்தது. முப்பத்தேழு உறுப்பினர்கள். டீ வரைக்கும் இழுபறி. டீ முடிந்ததும் கால்நடை மருத்துவப் புலத்தின் தலைவர் எழுந்தார். கனத்த உடம்பு, கனத்த குரல். எல்லோருக்கும் அவர் பெரிய டாக்டரம்மா.

“பேர்ல மாடு இருந்தா என்ன, இல்லன்னா என்ன? மாடு வந்து போர்டைப் படிக்கவா போகுது?” என்றார். சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. “ஆனா எங்க ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பகல் எப்பவும் பூட்டுப் போடக் கூடாது. காலியா கெடக்கற ஒம்போது போஸ்டை வேற யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது. இது ரெண்டும் நிபந்தனை. எழுதறதா இருந்தா சொல்லுங்க, எங்க நாலு பேர் கையும் தூக்கறோம்.”

துணைவேந்தர் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு இடப்புறம் திரும்பி, “எழுதிக்கங்கம்மா” என்றார்.

அவள் எழுதினாள். கைகள் உயர்ந்தன. ஆதரவு இருபத்தொன்று, எதிர்ப்பு பதினாறு. அந்த நாலு கை அந்தப் பக்கம் போயிருந்தால் பெயர் மாறியிருக்காது.

கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனாள்.

பதிவாளர் யாரையும் நிற்க வைத்துப் பேசாதவர். போன வருடம் அவள் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, ஒரு மாத விடுப்பை ஒரு கேள்வி கேட்காமல் கொடுத்ததோடு, ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்துவிட்டும் போனவர். அதனால்தான் அவரிடம் நேராகக் கேட்கலாம் என்று நினைத்தாள்.

“உட்காருங்கம்மா. சார் எப்படி இருக்கார்? நடக்கறாரா?”

“நடக்கறார் சார். சார், ஏழாவது தீர்மானத்துல ஒரு கோடு...”

“அது நிபந்தனை இல்லம்மா. கருத்து.” அவர் குரல் உயரவில்லை. “ஒரு உறுப்பினர் அவங்க கருத்தைச் சொன்னாங்க. எல்லார் கருத்தையும் தீர்மானத்துல ஏத்தினா, தீர்மானம் தாங்குமா?”

“துணைவேந்தரே எழுதிக்கங்கன்னு சொன்னார் சார்.”

“நோட்டுல எழுதிக்கங்கன்னு சொல்லியிருப்பார். சந்தேகமா இருந்தா ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டுடலாம். ஆனா...” பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நானும் போட்டுப் பாத்தேன். டீக்கு அப்புறம் மெஷினை ஆன் பண்ணலை போலிருக்கே?”

உண்மைதான். டீக்காக நிறுத்திய ரெக்கார்டரை அவள் திரும்பப் போடவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அன்று சாயங்காலமே அது தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

“மனுஷங்கன்னா மறதி சகஜம். நான் அதை ஒரு விஷயமாவே எடுத்துக்கல” என்றார் பதிவாளர். “நாலு மணிக்கு கார் கிளம்புது. அமைச்சகத்துல நாளைக்குக் காலையில ஃபைல் வைக்கறாங்க. நிபந்தனை கிபந்தனைன்னு ஒரு வார்த்தை இருந்தா, விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் இன்னொரு வருஷம் இழுக்கும். மூணரைக்குள்ள சுத்தப் பிரதி குடுத்துடுங்க. உங்க கையெழுத்தோட.”

அவள் எழுந்து கதவருகே போனபோது அவர் சாதாரணமாகக் கேட்டார். “உங்க தம்பி கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்லதானே? நல்ல மனுஷன். ஒம்போது வருஷமா ஒப்பந்தத்துலயே ஓட்டறார், பாவம்.”

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கணக்கு பிடிபட்டது. புதிதாகப் பணியிடம் உருவாக்க அரசாங்கம் சம்மதிக்காது. இருப்பதை மாற்றிக்கொள்ள மட்டும்தான் வழி. அந்த ஒன்பது காலியிடமும் கம்ப்யூட்டர் துறைக்குப் போகப் போகிறது. போனால் ஒப்பந்த விரிவுரையாளர்களில் ஒன்பது பேர் நிரந்தரமாவார்கள். மூப்புப் பட்டியலில் அவள் தம்பி நாலாவது.

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அவனே போன் செய்தான். “அக்கா, கீழ இருக்கேன். ரெண்டு நிமிஷம் வர்றியா?”

நிர்வாகக் கட்டடத்தின் பின்புறம், கால்நடை மருத்துவமனையின் சுற்றுச்சுவரை ஒட்டி நின்றிருந்தான். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா, கையில் திருத்தாத விடைத்தாள் கட்டு. நாற்பதைத் தொடப் போகிறவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வாரத்தில் மட்டும் அவனுக்குத் தூக்கம் போய்விடும் என்று அவன் மனைவி சொல்வாள்.

“சாப்ட்டியா?” என்று கேட்டாள்.

“நான் ஒண்ணும் கேக்க வரலக்கா.”

“சரி.”

“எங்க ஹெச்.ஓ.டி. கூப்ட்டுச் சொன்னார். எல்லாம் முடிஞ்சுதாம். உங்க அக்கா கையெழுத்து ஒண்ணுதான் பாக்கின்னார்.”

“அப்ப கேக்கத்தான் வந்திருக்க.”

அவன் விடைத்தாள் கட்டை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினான். சுவருக்கு அந்தப் பக்கம் வரிசை நின்றது. ஒரு தள்ளுவண்டியில் கால் கட்டிய கன்றுக்குட்டி படுத்திருந்தது. துண்டில் சுற்றிய நாயைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்தபடி ஒரு பெரியவர். முழங்கைக்கு மேல் வரை பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்த ஓர் இளம் மருத்துவர், மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலை அது. இதைப் பார்த்து அவள் மனம் இளகிவிட்டது என்று சொல்ல முடியாது. நாய் என்றாலே தெருவை மாற்றிக்கொண்டு நடப்பவள். துண்டுக்குள்ளிருந்து அந்த நாய் அவளைப் பார்த்தபோது ஓர் அடி பின்னால்தான் நகர்ந்தாள்.

“ஒரு வரிக்கா. அதுல அப்படி என்ன இருக்கு?”

“ஒம்போது போஸ்ட் இருக்கு.”

“அதுல ஒண்ணு என்னுது” என்றான். “என்கிட்ட படிச்ச பையன் போன வருஷம் வேற காலேஜ்ல நிரந்தரமாயிட்டான். கல்யாணத்துல என்னைப் பாத்து, சார் இன்னும் மாட்டு காலேஜ்லதானான்னு கேக்கறான். சும்மாதான் கேட்டான். என் பொண்ணு பக்கத்துல நிக்கறா. நான் என்ன சொல்ல?”

“நீ தகுதி இல்லாதவன்னு யார் சொன்னா?”

“தகுதி இருக்குன்னு ஒம்போது வருஷமா சொல்றாங்க. அதை வெச்சு என்ன பண்றது?” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “பெரிய டாக்டரம்மா சொன்னது நிபந்தனையா கருத்தான்னு நீ எழுதறதுதான் கணக்கு. நீ கருத்துன்னு சொன்னா கருத்து. பொய் கூட இல்லக்கா அது. பாதிப் பொய்.”

அவன் போய்விட்டான். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

பிரிவுக்கு வந்து கணினியைத் திறந்தாள். அந்த வாக்கியத்தை அழித்தாள். பக்கத்தை அச்செடுத்தாள். வாசித்துப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ‘விவாதத்துக்குப் பின், ஆதரவாக இருபத்தொரு வாக்குகளும் எதிராகப் பதினாறு வாக்குகளும் பெற்று இத்தீர்மானம் நிறைவேறியது.’ ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. கீழே ‘பதிவு செய்தவர்’ என்ற சொல்லுக்கு மேலே வெற்றிடம். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

தம்பிக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப் போகிறோம் என்று ஒரு மனம் கேட்டது. ரெக்கார்டரை மறந்தவள் நீ, உன் வார்த்தையை யார் நம்புவார்கள் என்று பயமுறுத்தியதும் அதே மனம்தான். இன்னும் ஆறு வருட சர்வீஸ் இருக்கிறது. கணவரின் மாத்திரைகள் இருக்கின்றன.

பேனா முனை காகிதத்தைத் தொட்டபோது, இருபத்தொன்று என்ற எண்ணின் மேல் அவள் கண் நின்றது. இத்தனை வருடத்தில் எத்தனையோ வசவுகளை மழுப்பியிருக்கிறாள், மணிக்கணக்கில் பேசிய பேச்சை இரண்டு வரியில் சுருக்கியிருக்கிறாள். ஆனால் அந்த இருபத்தொன்றில் நாலு கை, அந்த வாக்கியத்துக்காக மட்டுமே தூக்கிய கை. வாக்கியத்தை எடுத்துவிட்டுக் கைகளை மட்டும் வைத்துக்கொள்வதற்குப் பாதிப் பொய் என்று பெயர் வைத்தாலும் சரி, அதற்கு அவள் கையெழுத்து வேண்டும். மூடியைத் திரும்ப மாட்டினாள்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அதனால் பயன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பிரிவில் வேறு ஒருவர் கையெழுத்துப் போடுவார், மூன்றரை மணிக்குள் காரியம் முடிந்துவிடும். மணியைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது.

அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தாள். தெரிந்த விதிதான். இருந்தாலும் எழுத்தில் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ‘கூட்டக் குறிப்பின் வரைவு, திருத்தங்கள் கோரி, எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பப்பட வேண்டும்.’ அனுப்புவது யார்? ஆட்சிக்குழுப் பிரிவின் கண்காணிப்பாளர். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் அவள்தான் அனுப்புகிறாள். இந்தத் தடவை அனுப்ப வேண்டாம் என்று யாரும் எழுத்தில் சொல்லவில்லை. வாயாலும் சொல்லவில்லை. கார் கிளம்புவதற்கு முன்பே அவள் அனுப்பிவிடுவாள் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

அழித்த வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்தாள். எண்ணை எழுத்தை எல்லாம் நோட்டோடு ஒப்பிட்டாள். கடிதத்தில் வழக்கமான வாசகத்தோடு இரண்டு வரி கூட்டினாள்: ‘தேநீர் இடைவேளைக்குப் பின் ஒலிப்பதிவுக் கருவியை இயக்க நான் தவறிவிட்டேன். எனவே ஏழாவது தீர்மானத்தைச் சிறப்புக் கவனத்துடன் சரிபார்க்க வேண்டுகிறேன்.’ முப்பத்தேழு முகவரிகள். மூன்று ஆறுக்கு அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.

பிறகு அச்சுப் பிரதியில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பதிவாளர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் கடைசிப் பக்கத்துக்குத்தான் முதலில் போனார்.

“அம்மா, இதுல அந்த வரி இருக்கே.”

“இருக்கு சார்.”

“நான் சொன்னது புரியலையா?”

“புரிஞ்சுது சார். எனக்குக் கேட்டது நிபந்தனைன்னுதான் கேட்டுது. தப்பா இருந்தா உறுப்பினர்கள் திருத்தட்டும். எல்லாருக்கும் வரைவு அனுப்பியிருக்கேன்.”

“எப்ப?”

“இப்பதான்.”

அவர் முகத்தில் ரத்தம் ஏறியதை அவள் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் மேஜை மேலிருந்த அவருடைய போன் அதிர ஆரம்பித்தது. திரையில் பெரிய டாக்டரம்மாவின் பெயர். அவர் எடுக்கவில்லை. அது நின்றதும் மேஜைத் தொலைபேசி அடித்தது. அதையும் எடுக்கவில்லை.

“உங்களை நான் என் வீட்டு மனுஷியா நினைச்சேன்” என்றார்.

அந்த வார்த்தைதான் அவளைக் குத்தியது. அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். “தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பிரிவுக்குத் திரும்பினாள்.

நாலு மணிக்குக் கார் கிளம்பவில்லை.

அடுத்த பத்து நாளில் இருபத்தாறு பேர் பதில் எழுதினார்கள். பதினான்கு பேர் வரைவு சரி என்றார்கள். ஐந்து பேர் அது வெறும் கருத்துதான் என்று சாதித்தார்கள். ஏழு பேருக்கு நினைவில்லை. அவளை வியக்க வைத்தது, பெயர் மாற்றத்தைக் கடுமையாக ஆதரித்த கணிதப் பேராசிரியர் ‘நிபந்தனை என்றுதான் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன்’ என்று எழுதியது. துணைவேந்தர் பதில் எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில், யார் முகத்தையும் பார்க்காமல், “இருந்துட்டுப் போகட்டும்” என்று மட்டும் சொன்னாராம். அந்தக் கூட்டத்தில் மூன்றாவது நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ‘நிர்வாக நலன் கருதி’ அவளை விடுதிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அவள் மேஜைக்கு இப்போது வருவதெல்லாம் உடைந்த மின்விசிறி, வராத தண்ணீர், தொலைந்த அறைச் சாவி.

பெயர் மாறியது. அமைச்சகம் விளக்கமெல்லாம் கேட்டு, எட்டு மாதம் இழுத்து, நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டது. வாசலில் புது எழுத்துகள் பளபளவென்று நின்றன. கண்டக்டர்கள் பழையபடியே கத்தினார்கள். மருத்துவமனை திறந்திருந்தது. ஒன்பது இடத்தில் ஐந்துக்கு ஆள் எடுத்தார்கள். மீதி நாலு இன்னும் காலிதான்.

பெரிய டாக்டரம்மா ஒருநாள் விடுதி அலுவலகத்துக்கே வந்தார். நாற்காலி போதாமல் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றார். “உனக்கு நான் என்ன செய்யணும், சொல்லும்மா” என்றார்.

“ஒண்ணும் வேண்டாம் மேடம். நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்.”

“அதான் எவனும் எழுத மாட்டானே.” அவர் மேஜையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

தம்பி எட்டு மாதமும் அவளோடு பேசவில்லை. அவன் மனைவி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளித்துவைத்துப் பேசுவதுபோல் மெல்லிய குரலில் போன் செய்து, எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொல்வாள். அவன் ஒப்பந்தம் ஒரு தடவை புதுப்பிக்கப்பட்டது. இரண்டாவது தடவை வருவதற்குள் வேறு ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை தேடிக்கொண்டான். அங்கேயும் நிரந்தரம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், சொல்லாமல் வந்து நின்றான். கணவர் எழுந்து, “வாப்பா, வா” என்று அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். சோறு போட்டாள். கணவர் மாத்திரை போடுகிற சாக்கில் உள்ளறைக்குப் போய்விட்டார்.

“அக்கா, ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“அன்னிக்கு அந்த ஒம்போதுல என் போஸ்ட் இல்லாம, வேற யாரோ ஒருத்தர் போஸ்டா இருந்திருந்தா, அந்த வரியை எடுத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பியா?”

அவள் யோசித்தாள். இந்த எட்டு மாதத்தில் தன்னைத் தானே கேட்டுக்கொண்டதுதான். உன்னுடையது என்பதால்தான் நிமிர்ந்து பார்த்தேனா, உன்னுடையதாக இல்லாமல் இருந்திருந்தால் பென்சில் கோட்டை ஒரு நிமிடத்தில் ஒப்புக்கொண்டு சாப்பிடப் போயிருப்பேனா, இல்லை, யாருடையதாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேனா? விடை ஒரு நாள் ஒன்றாக வரும், மறுநாள் வேறாக வரும்.

“தெரியலடா” என்றாள்.

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “இதுக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்” என்றான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அழுகைதான் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். போதும் என்று அவன் சொல்லவில்லை.